காரணம் எழுதப்படாத காகிதம்

தில்லியில் முன்னாள் ராணுவத்தினர் பிரச்னை என்றாலே 2015-ஆம் ஆண்டு ஜந்தர் மந்தரில் பதக்கங்களை அணிந்தபடி அமர்ந்திருந்த முதியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" என்ற முழக்கத்தில் எளிமை இருந்தது, மேடைகளில் ஒலித்தது, அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி மத்திய அரசும் அதை ஏற்று அறிவிப்பு வெளியிட்டது. அதே முன்னாள் வீரர்களில் ஒரு பகுதியினர், முழக்கமாகச் சுருக்க முடியாத வேறொரு வழக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நடத்தி வருகின்றனர். அதற்கு ஊர்வலமும் இல்லை, உண்ணாவிரதமும் இல்லை. பணியில் இருந்தபோது வந்த நோய்க்கும் காயத்துக்கும் வழங்கப்படும் ஊன ஓய்வூதியம் தொடர்பான வழக்கு அது. அதன் மையத்தில் இருப்பது ஒரு மருத்துவச் சான்று.

பணிக்காலத்தில் உடல் தகுதி குறைந்துவிட்டதாக வகைப்படுத்தப்பட்ட வீரர், படையிலிருந்து விடைபெறும்போது ராணுவ மருத்துவமனையில் ஒரு மருத்துவக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். பொதுவாக மூன்று ராணுவ மருத்துவர்கள் இருப்பார்கள். அவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம்? அது ராணுவப் பணியால் விளைந்ததா, அல்லது பணியால் தீவிரமடைந்ததா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டால், முதல் கேள்விக்கு எழுதப்பட்ட சதவீதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. பணியால் விளைந்ததும் அல்ல, பணியால் தீவிரமடைந்ததும் அல்ல என்ற இந்த முடிவுக்கு ராணுவ வட்டாரத்தில் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "நானா" என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது ஒரு கேள்வியாகவே ஒலிக்கிறது. நோய்க்குக் காரணம் நானா என்று ராணுவம் கேட்பதாகவும் கொள்ளலாம்; என் நோய்க்குப் பொறுப்பு நானா என்று வீரர் கேட்பதாகவும் கொள்ளலாம்.

இதில் அடங்கியுள்ள தொகை எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. முழு ஊனத்துக்கு, அதாவது 100 சதவீதத்துக்கு, கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காக வழங்கப்படுகிறது. ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். குறைந்தபட்சம் 20 சதவீதம் இருந்தால்தான் தகுதி. தகுதி பெற்றவருக்கு, 50-க்குக் கீழே உள்ள சதவீதம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். இந்தச் சலுகை உடல்நலக் குறைவால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமின்றி, பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, 40,000 ரூபாய் ஊதியத்தில் ஓய்வு பெறும் ஒருவருக்கு 20 சதவீத ஊனம் எனில் அது 50 ஆகி, மாதம் 6,000 ரூபாய் ஆகிறது. அகவிலை நிவாரணம் தனி. வாழ்நாள் முழுவதும் வர வேண்டிய இந்தத் தொகையைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒரு படிவத்தில் எழுதப்படும் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்கு ஆதாரம் என்ன? பிரச்னை இங்குதான் தொடங்குகிறது.

1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் இந்த விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமானவை. ஓய்வூதியம் கோருபவர் தனது தகுதியை நிரூபிக்குமாறு கேட்கப்பட மாட்டார் என்றன அவ்விதிகள். நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. களப் பகுதியில் பணியாற்றியவர் எனில் இன்னும் தாராளமாக. படையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறிப்பிடப்படாத நோய் பின்னர் வந்து, அதனால் அவர் வெளியேற்றப்பட்டால், அது பணிக்காலத்தில் உண்டானதாகவே கருதப்படும். சேரும்போது அந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் கருதினால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. ஆனால், அந்தக் கருத்துக்கான காரணங்களை அவர்கள் குறிப்பிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் நாற்பது ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டு வருகிறது. வழக்குகளில் வெளிவரும் படிவங்களைப் பார்த்தால், காரணம் எழுத வேண்டிய இடத்தில் "உடலமைப்பு சார்ந்த நோய்", "பணியுடன் தொடர்பில்லை", "அமைதிப் பகுதியில் தொடங்கியது" என்ற இரண்டு மூன்று சொற்களே மாறி மாறி வருகின்றன. முடிவையே காரணமாகத் திருப்பி எழுதும் வழக்கம் இது. ஏன் தொடர்பில்லை என்றால், தொடர்பில்லாததால் தொடர்பில்லை!

2013-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1985-இல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்த ஒருவருக்குப் பணிக்காலத்தில் வலிப்பு நோய் வந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சேவைக்குப் பின், 1994-இல் 20 சதவீத ஊனத்துடன் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றது மருத்துவக் குழு. ஓய்வூதியம் வழங்கும் அதிகாரிகள் அதை அப்படியே ஏற்றுக் கோரிக்கையை நிராகரித்தனர். ஹிமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எஸ்.ஜே. முகோபாத்யாய ஆகியோர் அடங்கிய அமர்வு விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தது. சேரும்போது நோய் இருந்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை. மருத்துவக் குழு காரணம் எதையும் குறிப்பிடவில்லை. எனவே ஓய்வூதியம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விதியில் இல்லாத எதையும் நீதிபதிகள் புதிதாகச் சேர்க்கவில்லை. 1982-இலேயே எழுதப்பட்டிருந்ததைப் படித்துச் சொல்வதற்கு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 19 ஆண்டுகள் ஆயின.

அதற்குள் விதிகளே மாறிவிட்டன. 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகள், சேரும்போது நடத்தப்படும் மருத்துவப் பரிசோதனை முழுமையானது அல்ல, உறங்கிக் கிடக்கும் நோய்கள் அதில் புலப்படாமல் போகலாம் என்று சேர்த்தன. பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பதாலேயே அது பணியால் வந்ததாக ஆகிவிடாது என்றும் கூறின. மருத்துவ ரீதியில் இதில் தவறு காண முடியாது. வலிப்பும் மனச்சிதைவும் இருபது வயதுகளில், எந்த வேலையில் இருப்பவருக்கும் தலைகாட்டக் கூடியவைதான். ஆனால், ஆள்சேர்ப்பு முகாம்களின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த விதியைப் படிக்கும்போது ஒரு முரண்பாடு தோன்றாமல் இராது. முழங்கால் இடிக்கிறது, பாதம் தட்டையாக இருக்கிறது, காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று சொல்லி இளைஞர்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கண்டிப்பான பரிசோதனை, ஓய்வூதியம் கேட்கும் நாளில் மட்டும் மேலோட்டமான பரிசோதனையாகிவிடுகிறது.

அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நிரூபிக்கும் பொறுப்பை 2008-ஆம் ஆண்டு விதிகளும் வீரரின் தலையில் வைக்கவில்லை. சாதாரணமாகக் கோரிக்கையாளரிடம் நிரூபணம் கேட்கப்படாது என்றே அவையும் சொல்கின்றன. ஒரு விதிவிலக்கு உண்டு. ஓய்வு பெற்று 15 ஆண்டுகளுக்குப் பிறகு, பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்ட நிலையில் கோரிக்கை வந்தால், நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது. அந்த ஆவணங்களைப் பாதுகாப்பதும் காலக்கெடு முடிந்ததும் அழிப்பதும் ராணுவம்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உண்மையில், இந்த வழக்குகளில் வீரரின் கையில் இருக்கும் மருத்துவ ஆதாரம் மிகவும் சொற்பம். அரசு ஊழியர் ஒருவர் நோயுற்றால் தனக்கு வேண்டிய மருத்துவரிடம் செல்கிறார். சீட்டுகளும் பரிசோதனை முடிவுகளும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். படைவீரருக்குச் சிகிச்சை அளிப்பது ராணுவ மருத்துவமனை. மருத்துவ ஆவணம் படைப்பிரிவுடனும், பின்னர் ஆவண அலுவலகத்திலும் இருக்கிறது. எந்த முகாமில், எத்தனை அடி உயரத்தில், என்ன பணியில் இருந்தார் என்ற குறிப்பை எழுதித் தருபவர் கட்டளை அதிகாரி. காயம் எனில் காய அறிக்கையையும், தேவைப்பட்டால் நீதி விசாரணையையும் நடத்துவது படைப்பிரிவு. ஊனத்தை அளப்பவர்களும் ராணுவ மருத்துவர்கள். நிராகரித்தபின் செய்யும் இரண்டு மேல்முறையீடுகளை விசாரிப்பவையும் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இருக்கும் குழுக்கள். இத்தனைக்கும் பிறகு, தொடர்பு இருப்பதைக் காட்டு என்று எதிரே நிற்பவரிடம் கேட்பது, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திற என்று சொல்வதைப் போன்றது.

"அமைதிப் பகுதி" என்ற சொற்றொடரைத் தனியே கவனிக்க வேண்டும். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூல், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவை களப் பகுதி, மலை உச்சி, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகிய சூழல்களில் பணியால் தீவிரமடையக் கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பரிசீலிக்கவும் சொல்கிறது. நடைமுறையிலோ, நோய் முதன்முதலில் பதிவு செய்யப்பட்ட நாளில் வீரர் எங்கே இருந்தார் என்பது மட்டும் பார்க்கப்படுகிறது. காஷ்மீரில் மூன்று ஆண்டு காவல் இருந்துவிட்டு மீரட்டுக்கு மாற்றலாகி வந்த ஒருவருக்கு, அங்கு நடக்கும் வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் தெரிய வந்தால், அது மீரட்டின் நோயாகிவிடுகிறது. ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வளரும் நோய் என்பது சாதாரண மனிதருக்கும் தெரியும். இதய நோயில் வேறொரு கணக்கு உண்டு. நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாள்களில் அவர் செய்த பணிகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். ரத்தக் குழாயில் பல ஆண்டுகளாகப் படிந்த அடைப்பை இரண்டு வார நாட்குறிப்பில் தேடுகிறார்கள்.

2025-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நடைமுறை நீதிமன்றங்களில் அடுத்தடுத்து அடி வாங்கியது. மார்ச் மாதத்தில், சர்க்கரை நோயுடன் ஓய்வு பெற்ற ஒருவரின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பது மட்டுமே காரணமாகாது என்றும், பணியால் அல்ல எனில் வேறு எதனால் என்று காட்டும் பொறுப்பு மருத்துவக் குழுவுடையது என்றும் கூறியது. ஏப்ரல் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 1980-களின் இறுதியில் சியாச்சின் பனிமலையில் பணியாற்றி, வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட வீரருக்கு 50 சதவீத அளவில் ஊனப் பங்கு வழங்க உத்தரவிட்டது. அடுத்த மாதமே நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, என். கோடீஸ்வர் சிங் அமர்வு இன்னும் தெளிவாகப் பேசியது. மனச்சிதைவு என்று கூறி 1998-இல் அனுப்பப்பட்ட வீரரின் வழக்கு அது. காரணங்கள் பதிவு செய்யப்படாத மருத்துவக் குழுவின் கருத்தை வைத்து ஒருவரை வெளியேற்றுவதும் அவருக்கு ஓய்வூதியம் மறுப்பதும் செல்லாது என்றது அந்த அமர்வு. ஜூலை 1-ஆம் தேதி, அரசு தொடுத்திருந்த ஏராளமான மனுக்களைத் தில்லி உயர் நீதிமன்றம் ஒருசேரத் தள்ளுபடி செய்தது. ஊன ஓய்வூதியம் அரசின் பெருந்தன்மை அல்ல என்பதை அப்போது நீதிபதிகள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுதரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டு வெளியான அறிக்கை ஒன்றில் மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஊன ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம், சிப்பாய்கள் உள்ளிட்ட மற்ற நிலையினரின் விகிதத்தைவிட மிகவும் அதிகம். அதிலும் வாழ்க்கை முறை சார்ந்த நோய்களின் பங்கு கணிசமானது. பதுங்கு குழியில் நிற்பவரைவிட அலுவலக மேஜையில் அமர்ந்தவருக்கு எப்படி அதிக ஊனம் என்ற கேள்வி நியாயமானதே. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகளும் நடைமுறைக்கு வந்தன. உண்மையான பயனாளிகளைக் காப்பதும், சலுகை தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுப்பதும்தான் நோக்கம் என்று அரசுத் தரப்பு கூறியது. நோயுடன் பணியில் தொடர்ந்தவர்களுக்கு "குறைபாட்டு நிவாரணம்" என்று புதிய பெயரும் சூட்டப்பட்டது. முன்னாள் படையினர் கொதித்தனர்.

தணிக்கை அதிகாரியின் கேள்விக்கும் மருந்து அதே காரணம் எழுதுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு தளபதியின் ரத்த அழுத்தம் பணியால் தீவிரமடைந்தது என்று எழுதும் மருத்துவக் குழுவும், ஒரு நாயக்கின் ரத்த அழுத்தம் தொடர்பற்றது என்று எழுதும் குழுவும் தத்தம் காரணங்களை நான்கு வரியில் எழுதியாக வேண்டும் என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடும்பத்தில் நோய் வரலாறு உண்டா, உடல் எடை எவ்வளவு, புகைப் பழக்கம் உண்டா, எந்தெந்த ஆண்டுகளில் எந்தெந்தப் பகுதிகளில் இருந்தார், நோய் எப்போது முதலில் பதிவானது, அதற்கு முந்தைய பரிசோதனைகளில் அளவு என்ன? இவையெல்லாம் ராணுவத்தின் கோப்புகளிலேயே உள்ளன. போலிக் கோரிக்கையும் நியாயமான மறுப்பும் அங்கே தெரிந்துவிடும். ஒரு வரி முடிவு எழுதும் வழக்கம் வசதி படைத்தவர்களுக்குத்தான் உதவும். தலைநகரில் வழக்கறிஞர் வைத்து வாதாடத் தெரிந்தவர் எப்படியும் பெற்றுவிடுவார். பிகாரிலோ ராமநாதபுரத்திலோ உள்ள ஒரு முன்னாள் சிப்பாய், நிராகரிப்புக் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

அரசின் நடத்தையில் இன்னொரு அம்சமும் கவலை தருகிறது. வீரர்களுக்கு விரைவான நீதி கிடைக்க வேண்டும் என்றுதான் 2007-இல் சட்டம் இயற்றி, 2009-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தொடங்கப்பட்டது. தில்லியில் முதன்மை அமர்வும் சென்னை உள்ளிட்ட நகரங்களில் கிளைகளும் அமைந்தன. தேவையற்ற வழக்குகளைக் குறைக்க வழி சொல்லுமாறு 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே அறிக்கையும் வந்தது. வென்ற வீரர்களின் மீது மேல்முறையீடு செய்யும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. தீர்ப்பாயத்தின் ஆணைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தோற்ற வீரர் தில்லிக்கு ஓடாமல் தன் மாநிலத்திலேயே நீதி கேட்க அந்தக் கதவு உதவும் என்று எதிர்பார்த்தோம். அந்தக் கதவின் வழியே கூட்டமாக நுழைந்தது அரசுதான். பல முறை தீர்க்கப்பட்ட அதே கேள்வியுடன், அதே படிவத்துடன்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. அவர்களும் சீருடை அணிந்தவர்கள்; வழிகாட்டி நூலும் மேலிடத்துச் சுற்றறிக்கைகளும் காட்டும் பாதையில் செல்பவர்கள். எனவே பாதுகாப்பு அமைச்சகம் படிவத்திலிருந்தே தொடங்கலாம். "தொடர்பில்லை" என்ற கட்டத்தை நிரப்பும் குழு, நோயின் வேறு காரணத்தையும் அதற்கு ஆதாரமான பரிசோதனைக் குறிப்பின் தேதியையும் எழுதாவிட்டால், அந்தக் கருத்தை ஓய்வூதிய அதிகாரிகள் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். குழுவின் முழு நடவடிக்கைக் குறிப்பையும் பணிக்கால மருத்துவ ஆவணங்களின் நகலையும் வீரர் படைப்பிரிவை விட்டுக் கிளம்பும் நாளிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பெற வேண்டிய பொருள் அல்ல அது. முதல் மேல்முறையீட்டிலாவது ராணுவத்தைச் சாராத மருத்துவர் ஒருவர் இடம்பெறலாம்.

ஆவணங்களை அழிக்கும் விஷயத்தில் மாற்றம் செய்ய நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினியில் ஏற்றிவிட்டால் ஒரு வீரரின் இருபது ஆண்டு மருத்துவ வரலாறு கையளவு இடத்தைக்கூட அடைக்காது. வீரர் இறந்த பிறகு அவருடைய மனைவி நிலுவைத் தொகை கோரி வரும்போது, அவரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு விடுவிப்புப் புத்தகமும் மங்கிப்போன மருந்துச் சீட்டுகளும் மட்டுமே. அவருடைய கோரிக்கைக்கு நியாயமான விடை சொல்லக் கூடிய கோப்பு, ஏதோ ஓர் ஆவண அலுவலகத்தின் அழிப்புப் பட்டியலில் வரிசை எண்ணுடன் காத்திருக்கும். அந்தப் பட்டியலில் அடுத்த கையெழுத்து விழுவதற்கு முன்பாவது அமைச்சகம் ஒரு உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.